அப்பாவின் தொண்டையை முதலில் காட்டுங்கள்

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். வயது 29. திங்கட்கிழமை நன்றாக இருக்கும் குரல் வியாழக்கிழமைக்குள் கம்மிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வெறும் காற்றுதான் வருகிறது. இரண்டு நாள் ஓய்வில் சரியாகிவிடுகிறது. ஒரு வருடமாக இதே நிலைமை. தொண்டையில் கட்டி இருக்குமோ, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்குமோ, வேலையையே விட வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. சில நாள் வாயே திறக்காமல் இருந்தால் குணமாகுமா?

அப்பாவுக்கும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டரை மாதமாகக் குரல் கரகரப்பாகவே இருக்கிறது. வயது 57, செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி). சனிக்கிழமைதோறும் கோயில் பஜனையில் பாடுபவர். இளவயதிலிருந்தே சிகரெட் பழக்கம் உண்டு. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று கிளினிக்குகளில் ஆண்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். அம்மா தினமும் அதிமதுரக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். “வலியே இல்லை, எதற்கு ஈப்போ வரைக்கும் அலைவது?” என்கிறார் அப்பா. வெற்றிலை போடும் அம்மாவுக்கும் இப்போது காரம் பட்டால் வாய் எரிகிறதாம். இதுவும் தொண்டைக் கோளாறுதானா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் முதல் இடம் உங்கள் குரலுக்கு. அப்பாவுக்கு இரண்டாம் இடம். நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் குரலைச் சீராக்க அவகாசம் இருக்கிறது. அப்பா விஷயத்தில் இனி ஒரு வாரத்தையும் வீணாக்க வேண்டாம்.

பதற வேண்டாம். அப்பாவுக்கு வந்திருப்பது சாதாரணக் கோளாறாகவே இருக்கலாம். ஆனால் எது சாதாரணம் என்று குரல்வளையை நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இதுவரை அவருடைய குரல்வளையை எந்த மருத்துவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

சளி, காய்ச்சலோடு தொண்டை கட்டுவது பெரும்பாலும் வைரஸ் கிருமியால். குரல் நாண்கள் வீங்கும், குரல் கம்மும், ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ தானாக வடிந்துவிடும். இதற்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. வைரஸை அது தொடுவதே இல்லை. ஆகவே மூன்று கிளினிக்குகளில் வாங்கிச் சாப்பிட்டும் குரல் திரும்பவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. காய்ச்சல் போய் இரண்டரை மாதம் ஆன பிறகும் கரகரப்பு நிற்கிறது என்றால், காய்ச்சலைக் காரணம் காட்டும் காலம் கடந்துவிட்டது. மூன்று வாரத்தைத் தாண்டிய குரல் மாற்றம், அதுவும் புகை பிடிப்பவருக்கு, கட்டாயம் உள்ளே கருவி விட்டுப் பார்க்கப்பட வேண்டியது. புகை பிடிக்காதவராக இருந்தாலும் நான்கு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

அப்பா வலி இல்லை என்பதை ஒரு நல்ல சான்றிதழைப் போல நீட்டுகிறார். என்னிடம் வரும் தோட்டத்து அப்பாக்களில் பலர் இதைத்தான் சொல்வார்கள். உழைத்துப் பழகிய உடம்புக்கு வலிதான் அளவுகோல். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. குரல் நாண் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. நாணில் உண்டாகும் கட்டியோ புண்ணோ ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. அது காட்டும் ஒரே அடையாளம் குரல் மாற்றம்தான். வலி, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் எல்லாம் நோய் பரவிய பிறகு வருபவை.

கிளினிக்கில் “ஆ” சொல்லச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் நாக்கும் உள்நாக்கும் டான்சிலும் தொண்டையின் பின்சுவரும் தெரியும். குரல்வளை அதற்கும் கீழே, நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால், கழுத்தின் முன்பக்கத்தில் மறைந்திருக்கிறது. நேர்ப்பார்வைக்கு அது எட்டாது. “தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது” என்று மருத்துவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் பார்த்த இடம் வேறு, அப்பாவின் குரல் பிறக்கும் இடம் வேறு.

உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு விவரித்துப் புகழ் பெற்றவர் மருத்துவரே அல்லர். மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர், 1854-இல், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பித் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். சனிக்கிழமைதோறும் கோயில் பஜனையில் பாடுபவரோ, தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் குரல் கொடுப்பவரோ, குரலை நம்பியிருக்கும் யாரானாலும் தன் நாண்களை ஒருமுறை திரையில் பார்த்துக்கொள்ள ஆசைப்படலாம். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பயத்தைவிட ஆவல் சிலரை வேகமாகக் கிளப்பிவிடும்.

இப்போது கண்ணாடிக்குப் பதில் மெல்லிய, வளையக்கூடிய ஒரு குழாய் இருக்கிறது. நுனியில் விளக்கும் கேமராவும் உண்டு. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். கசப்பாக இருக்கும், தொண்டை தடித்தது போலத் தோன்றும், எச்சில் விழுங்குவது கொஞ்ச நேரத்துக்கு விநோதமாக இருக்கும். குழாய் மூக்கு வழியே மெதுவாக இறங்கும்போது கண்ணில் நீர் வரலாம், தும்மல் வரலாம். வலி பெரிதாக இராது. உள்நாக்கைக் கடந்ததும் குரல்வளை திரையில் தெரியும். முத்து வெண்மையில் இரண்டு பட்டைகள், முன்னால் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் விரிந்திருக்கும். மூச்சு இழுத்தால் அகலும். மருத்துவர் “ஈ என்று சொல்லுங்கள்” என்பார். இரண்டும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்காரர் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோனால் அவை நீண்டு இறுகுவதையும் பார்க்கலாம். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மயக்க மருந்து இல்லை, படுக்கை இல்லை. மரப்பு இறங்கும் வரை ஒரு மணி நேரம் போல எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அங்கே என்ன தெரியக்கூடும் என்று கேட்பீர்கள். சத்தம் போட்டு வேலை வாங்குபவர்களுக்கு நாணின் ஓரத்தில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில், பாலிப் என்ற மென்மையான சதைத் துணுக்கு வரும். நெடுநாள் புகைத்தவர்களுக்கு இரண்டு நாண்களும் நீர் கோத்ததுபோல் உப்பி, குரல் தடித்துப்போகும். இரண்டையும் குணப்படுத்த வழி உண்டு. சில வேளை நாண் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் ஒன்று அசையாது. இடது நாணை அசைக்கும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. நுரையீரலில் உள்ள கட்டி அந்த நரம்பை அழுத்தினாலும் முதலில் கெடுவது குரலாக இருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். நாண் அசையாமல் இருந்தால் நெஞ்சுப் படம் எடுப்பது இதற்காகத்தான். நம் மலேசியாவில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. அதுவும் குரல்வளையைத் தாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் கேட்டு வாங்க வேண்டும்.

புற்றுநோயைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் மனத்தில் அது ஓடாமல் இருக்காது. குரல்வளைப் புற்றுக்கு முதல் காரணம் புகை. அதோடு பீரோ, சம்சு என்ற மலிவுச் சாராயமோ சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். குரல் நாணில் தோன்றும் புற்றுக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. அரிசி மணி அளவு தடிப்புகூட நாணின் அதிர்வைக் கெடுத்துக் குரலை மாற்றிவிடும். ஆகவே நோய் சிறிதாக இருக்கும்போதே நம்மை எச்சரித்துவிடும். நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் அது கழுத்துக்குப் பரவவும் நாளாகும். இந்தத் தொடக்க நிலையில் கண்டால் லேசர் அறுவையோ கதிர்வீச்சோ போதும், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் குணமாகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது. தாமதித்தால் குரல்வளையையே எடுக்க நேரிடும். கழுத்தில் துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு வேறு விதத்தில் பேசப் பழக வேண்டும். அந்த இரண்டு நிலைக்கும் இடையே பல சமயம் சில மாதங்கள்தான் வித்தியாசம். வலி இல்லை என்று காத்திருக்கும் மாதங்கள் அவை. எனக்குத் தாங்க முடியாதது இதுதான். இவ்வளவு முன்கூட்டியே குரல் கொடுக்கும் புற்று உடம்பில் வேறு அதிகம் கிடையாது; அப்படிக் கொடுத்தும் நாம் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்? இந்த வாரமே பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே “தொண்டை சரியில்லை” என்று மட்டும் சொன்னால் மறுபடியும் மருந்துப் பையோடு திரும்புவீர்கள். “சுவாரா செராக் (குரல் கரகரப்பு), இரண்டரை மாதம் ஆகிறது, புகை பிடிப்பவர், மூன்று முறை ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டும் மாறவில்லை, நிபுணரிடம் அனுப்ப சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வேண்டும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். இந்த நான்கு செய்தியும் பரிந்துரைக் கடிதத்தில் இருந்தால்தான் அவசரம் புரிந்து நாள் சீக்கிரம் கிடைக்கும். கடிதத்தை வாங்கியதும் படித்துப் பாருங்கள்; எத்தனை வாரம் என்பதும் புகைப் பழக்கமும் அதில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எங்கள் பிரிவு இருக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் பலகையில் ஓ.ஆர்.எல். என்று போட்டிருக்கும், காது மூக்கு தொண்டைப் பிரிவு அதுதான். கொடுத்த நாள் வெகு தள்ளி இருந்தால் வாளாவிருக்காதீர்கள். கிளினிக் மருத்துவரிடமே திரும்பிப் போய், நாளை முன்னுக்குக் கொண்டுவர மருத்துவமனையோடு பேசச் சொல்லுங்கள்.

ஒரு நாள் வேலை போய்விடும் என்று அப்பா சொல்வார். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவருக்கு வருடத்தில் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவர் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுக்கும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மற்றவர்களின் எம்.சி.யை வாங்கிப் பதிவு செய்யும் மண்டோருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தனக்கு எடுக்காத தலைமுறை அது.

அதிமதுரத்தைப் பற்றி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தினமும் கஷாயமாகக் குடித்துவந்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தத்திற்கு மாத்திரை போடுபவருக்கு இது ஆகவே ஆகாது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு போன்றவற்றை அளவாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவை தொண்டையை நனைக்கும், நாண் வரை போய் எதையும் கரைக்காது என்பதை மட்டும் அம்மா தெரிந்துகொள்ளட்டும். கொதிக்கும் பானைக்கு மேல் போர்வை மூடி ஆவி பிடிப்பதை விட்டுவிடுங்கள். பானை கவிழ்ந்து வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் குழந்தைகளும் உண்டு.

அப்பா என்ன அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். பெரிண்டோபிரில், எனலாபிரில் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமி இருமியே குரல் கெடும். மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தக் கூடாது. கேஸ்ட்ரிக்கால்தான் தொண்டை கட்டுகிறது என்று சொல்லி யாராவது மாதக்கணக்கில் வயிற்று மாத்திரை கொடுத்தாலும், குரல்வளையைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வயிற்று அமிலம் மேலேறி நாண்களை அரிப்பது உண்டுதான். இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்து உடனே படுப்பவர்களுக்குக் காலையில் தொண்டை கரகரக்கும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தாலே பலருக்குப் பாதி குறையும். ஆனால் நாணைப் பார்க்காமல் அமிலத்தின் மேல் பழியைப் போட்டு நாள் கடத்துவது சரியல்ல.

சிகரெட்டை விட்டுவிடச் சொல்லி நீங்கள் பலமுறை சண்டை போட்டிருப்பீர்கள். அதே கிளினிக் கெசிஹாத்தானிலேயே புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். குரல் கெட்டிருக்கும் இந்தச் சமயத்தில், கோயிலில் மறுபடியும் பாட வேண்டும் என்ற ஆசையைச் சொல்லிப் பேசினால் அவர் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் குரலுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை தெளிவு, வெள்ளிக்கிழமை காற்று, வார இறுதியில் மீட்சி. இந்த ஏற்ற இறக்கமே எனக்கு நிம்மதி தருகிறது. ஓய்வு கொடுத்தால் திரும்பும் குரல், பெரும்பாலும் உழைப்பால் களைத்த குரல். அப்பாவின் கரகரப்பு இரண்டரை மாதமாகத் திரும்பவே இல்லை. அதுதான் உங்கள் இருவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை மோதிப் பிரிகின்றன. ஒரு மணி நேரப் பாடத்தில் பாதி நேரம் மட்டும் குரல் எழுப்பினாலும் மூன்றரை லட்சம் மோதல். மெல்லப் பேசினால் தாங்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் கத்தினால் ஒவ்வொரு மோதலும் அடியாக விழும். குலை வெட்டுபவரின் உள்ளங்கையில் காய்ப்பு காய்ப்பதுபோல, இரண்டு நாண்களிலும் எதிரெதிரே ஒரே இடத்தில் சின்னத் தடிப்பு உண்டாகும். அதற்கு முடிச்சு என்று பெயர். ஆசிரியைகளிடமும் பாடகிகளிடமும் சாதாரணமாகக் காண்பது. இரண்டு தடிப்பும் முட்டிக்கொள்வதால் நாண்கள் முழுதாக மூட முடியாமல் இடையே காற்று கசியும். வெள்ளிக்கிழமை உங்களுக்கு வரும் காற்று அதுவாக இருக்கலாம்.

இது புற்றாக மாறாது. அறுவை சிகிச்சை முதல் வழியும் அல்ல. பேசும் விதத்தை மாற்றாமல் தடிப்பை மட்டும் வெட்டி எடுத்தால் மறுபடி வளரும். முதல் மருத்துவம் பேச்சுப் பயிற்சியாளரிடம் குரல் பயிற்சி. பல வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும், பெரும்பாலோருக்குப் பலன் கிடைக்கிறது. வேலையை விடும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரு வருடமாக இழுக்கிறது என்பதால் உங்கள் நாண்களையும் பார்த்தாக வேண்டும். அப்பாவோடு போகும்போது உங்களுக்கும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மௌனமாக இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ச்சலில் தொண்டை கட்டினால், அல்லது கத்தும்போது திடீரென்று குரல் அறுந்துபோனால், சில நாள் முழு ஓய்வு நல்லது. திடீரென அறுந்தால் நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அதைக் காட்டவும் வேண்டும். மற்றபடி வாரக்கணக்கில் வாயை மூடிக்கொள்வதால் பயனில்லை. பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே பழைய பழக்கம் தொடரும். கிசுகிசுவென்று பேசிச் சமாளிப்பதும் பலருக்குத் தொண்டையை இறுக்கத்தான் செய்கிறது. தாழ்ந்த, இயல்பான குரலே மேல். அடிக்கடி தொண்டையைக் கனைக்காதீர்கள். ஒவ்வொரு கனைப்பும் நாண்களை அறைந்து சேர்க்கும். கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்கு நீர் குடியுங்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியவைதான் முக்கியம். பிள்ளைகளை அமைதிப்படுத்தக் குரலைச் செலவழிக்காதீர்கள். ஒரு கைத்தட்டுத் தாளம் பழக்குங்கள். நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும், தட்டி முடித்ததும் அமைதி. ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்துவதைவிட, அந்த வரிசைக்கு நடந்து போய்ப் பேசலாம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசாதீர்கள். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டு ஜெயித்த ஆசிரியர் இல்லை. மழைக்கென்றே எழுத்து வேலையோ படம் வரைவதோ தயாராக வைத்திருங்கள். பேராக்கில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமா என்ன? தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறியைப் பழுது பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், அது சலுகை அல்ல. இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி இப்போது அதிக விலையில்லை. சக ஆசிரியர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டால், ஒரு மாதத்தில் அவர்களும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

பாதிக் கோப்பைத் தண்ணீரில் ஒரு உறிஞ்சு குழாயை இரண்டு விரல் ஆழம் விட்டு, “ஊ” என்று குரல் கொடுத்தபடி குமிழ் விடுங்கள். குமிழ் சீராக வர வேண்டும், தொண்டை இறுகக் கூடாது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்பும் ஓய்வு மணியிலும் இரண்டு மூன்று நிமிடம் போதும். குழாயில் திரும்பி வரும் அழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளாமல் தாங்கும். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும் முதல் பயிற்சிகளில் இது ஒன்று. நாள் கிடைக்கும் வரை நீங்களே தொடங்கலாம். புகைமூட்டக் காலத்தில், பள்ளி திறந்திருந்தால், பாட்டும் திடல் பயிற்சியும் வேண்டாம்.

வகுப்பில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வரும்போது பெற்றோர் உங்களிடம் யோசனை கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். மூக்கு ஒழுகலும் இருமலும் சேர்ந்த தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ். ஓய்வும் நீரும் பாராசிட்டமாலும் போதும். இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டல் என்று இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அதற்கு ஆண்டிபயாட்டிக் தேவை. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். அரைகுறையாக விட்ட இந்தத் தொண்டைப் புண் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்துவிடும். இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடாது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கும் பிள்ளைக்குக் குரல் கம்மினால், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள்.

சில அறிகுறிகளுக்கு நிபுணர் தரும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டால், எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து ஒழுகினால், வாயைத் திறக்க முடியாத அளவுக்கு ஒரு பக்கம் தொண்டை வீங்கிப் பேச்சு குழறினால், இரத்தம் துப்பினால், உடனே அவசரப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 999. அப்பாவுக்கு மூச்சில் சத்தம் வந்தால் அதே நிமிடம் கிளம்ப வேண்டும். மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கி இறக்கப் பார்க்காதீர்கள். முள் ஆழமாக ஏறிவிடும். கழுத்தில் வலியில்லாத கட்டி, காதில் கோளாறு இல்லாமலே ஒரு காது வலிப்பது, சாப்பாடு சிக்குவது, காரணமில்லாமல் மெலிவது ஆகியவற்றை அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் மாறியவர்கள், ஆறிவிடும் என்று இருக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

கடைசியாக அம்மா. காரம் பட்டால் வாய் எரிகிறது என்பது தொண்டைக் கோளாறு அல்ல, ஆனால் நீங்கள் அதைக் குறிப்பிட்டது மிக நல்லது. வெற்றிலை போடுபவர்களுக்கு வாயின் உட்தோல் வெளுத்து, நார் பாய்ந்து, இறுகும் நோய் ஒன்று உண்டு. எரிச்சல் அதன் முதல் அடையாளம். பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அது பிற்காலத்தில் புற்றாகவும் மாறலாம். புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கே புற்றை உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் வாய்ப் புற்றின் சுமை இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாக இருப்பதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம்.

அம்மாவின் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக அவர் வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தடிப்பு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் தாமதம் கூடாது. எதுவும் கண்ணில் படாவிட்டாலும், எரிச்சல் இருப்பதால் காட்டத்தான் வேண்டும். அரசாங்கப் பல் கிளினிக்கில் வாய்ப் புற்றுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னால் பார்த்து, தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். அப்பாவுக்குக் கடிதம் வாங்கப் போகும் நாளிலேயே அம்மாவையும் கூட்டிப் போய்விடுங்கள்.

அன்புடன்,
காது மூக்கு தொண்டை மருத்துவர்